முதல் ஆராய்ச்சி மாணவர்

அரியலூருக்கு அணித்தே கல்லங்குறிச்சி என்னும் ஊர் உள்ளது. கலியுக வரதராசப் பெருமாள் திருக்கோயிலால் அவ்வூரின் பெயர் பலரும் அறிந்ததாயிற்று. அதனைச் சூழ்ந்த நிலம் சுண்ணாம்புக்கல் மிக்கது. அக்கல்லை உடைத்து நோக்கினால் உள்ளே கடற்சிப்பிகள் பதிந்து கிடக்கக் காணலாம். கடல் இன்று அவ்விடத்திற்கு நெடுந்தொலைவில் உள்ளது. ஆயினும் ஏறத்தாழ 7 கோடி ஆண்டுகட்கு முன்னர் அந்நிலம் கடலின் அடியில் இருந்தது என்பதற்கு அச்சிப்பிகளே சான்றாகும். ஆடு மேய்க்கும் சிறுவன் அவற்றைக் கையில் எடுத்து விளையாடியிருப்பான். வண்டியோட்டி அவற்றின்மீது சக்கரத்தை உருட்டிச் சென்றிருப்பான். அவற்றின் பெருமையை எடுத்துரைக்கவோ, பயின்ற கண் ஒன்று வேண்டியிருந்தது. நிலநூல் வல்லார் வந்து கண்டனர். அப்பாறை அடுக்கிற்குக் கல்லங்குறிச்சியின் பெயரையே இட்டனர். உலகத்து ஆராய்ச்சி நூல்களில் அப்பெயர் இன்றும் வழங்கி வருகின்றது.

மண்ணில் கிடக்கும் பொருள்களுக்கு மட்டுமன்று, மனிதர்க்கும் இந்நிலை உண்டு. சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் கும்பகோணத்திலும் சென்னையிலும் ஓர் இளைஞர் தம் குறிப்பேடுகளை அக்குளில் இடுக்கிக்கொண்டு பல ஆண்டுகள் அலைந்தார். அவற்றில் எழுதியிருந்தவற்றை அறிந்து மதிப்பிடத்தக்கார் அருகில் இலர். பிற்காலத்தில் உலகம் போற்றிய கணித அறிஞர் சீனிவாச இராமானுஜன் என்பவரே அவ்விளைஞர். அவர் பிறவியிலேயே மேதை என்பதனை யாவரும் கூறுவர். அம்மேதைக்குச் சோறும், தாளும், ஓய்வும், ஆசிரியரும் எவ்வாறு கிடைத்தன என்பதனைக் கூறுவார் சிலரே. அதனைக் கூறுவதே இப்பாடத்தின் நோக்கம்.

இராமானுஜன் 1887ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 22ஆம் நாள் ஈரோட்டில் தம் தாயைப் பெற்ற பாட்டனார் இல்லத்தில் பிறந்தார். தந்தையார் சீனிவாச ஐயங்கார் கும்பகோணத்தில் ஒரு துணிக்கடையில் கணக்கர். தாயார் கோமளத்தம்மாள். சாரங்கபாணி சன்னதித் தெருவில் இருந்த சிறு வீட்டில் அவர் வளர்ந்தார். நகர உயர்நிலைப் பள்ளியில் பயின்றார். 1897இல் நடந்த தொடக்கநிலைத் தேர்வில் தஞ்சை மாவட்டத்திலேயே முதல் மாணவராக விளங்கினார். 1903ஆம் ஆண்டில் கார் என்னும் ஆங்கிலேயர் தொகுத்த கணித நூல் ஒன்று அவர் கைக்கு எட்டிற்று. ஏறத்தாழ 5,000 தேற்றங்களை வரிசைப்படுத்திக் கூறும் நூல் அது. அவற்றுள் பெரும்பாலானவற்றிற்கு நிறுவல் முழுமையாகக் கூறப்படவில்லை. சூத்திரம் மட்டும் கிடைத்து உரை கிடைக்காத இலக்கண நூலைப் பெற்ற மாணவனைப் போன்று, இராமானுஜன் ஒவ்வொன்றிற்கும் தாமே உரை காணத் தலைப்பட்டார். அவ்வாறு காணும்பொழுது நூலில் இல்லாத புதிய சூத்திரங்களும் அவருக்குத் தோன்றின. அவற்றையெல்லாம் குறிப்பேட்டில் எழுதி வைத்தார்.

1904இல் அவர் உதவித்தொகை பெற்றுக் கும்பகோணம் அரசினர் கல்லூரியிற் சேர்ந்தார். கணிதம் அவரை ஆட்கொண்டுவிட்டமையால் ஏனைய பாடங்களில் மனம் செல்லவில்லை. ஆங்கிலத்தில் தவறினார், உதவித்தொகை நின்றது. பின்னர்ச் சென்னைக்கு வந்து பச்சையப்பன் கல்லூரியிற் சேர்ந்தார். எஃப். ஏ. எனப்பட்ட இடைநிலைத் தேர்வை 1906இல் எழுதித் தவறினார். 1907இல் தனித்தேர்வராக மீண்டும் எழுதினார், மீண்டும் தவறினார். அத்தேர்வுகளை நடத்தியது சென்னைப் பல்கலைக்கழகம்.

இவ்விடத்தில் பல்கலைக்கழகத்தைப் பழித்துரைப்பார் உளர். அவ்வாறு பழித்தல் முற்றும் பொருந்தாது. 1857இல் நிறுவப்பெற்ற சென்னைப் பல்கலைக்கழகம், இலண்டன் பல்கலைக்கழகத்தைப் பின்பற்றித் தேர்வு நடத்திப் பட்டம் வழங்குதலையே தன் தொழிலாகக் கொண்டிருந்தது. கற்பித்தலும் ஆராய்ச்சியை வளர்த்தலும் பல்கலைக்கழகத்தின் கடமைகளே என்பதற்கு 1904ஆம் ஆண்டுச் சட்டமே வழிசெய்தது. தேர்வு என்பது ஆயிரம் பேரை ஒரே அளவுகோலால் அளப்பது. அளவுகோலின் நீளத்தைக் கடந்து நிற்பவரை அது அளக்க வல்லதன்று. அவ்வாறு கடந்து நிற்பவரைக் கண்டுகொள்ள வேறொரு வாயில் வேண்டும். அவ்வாயில் அன்று திறக்கப்படவில்லை.

பட்டம் இல்லை, ஆகவே வேலையும் இல்லை. 1909இல் சானகி அம்மையாரோடு திருமணம் நிகழ்ந்தது. இல்லறக் கடமை தோளில் ஏறியது. தாள் வாங்கப் பொருளின்றிச் சிலேட்டுப் பலகையில் கணக்கிட்டு, முழங்கையால் அழித்து, முடிவை மட்டும் குறிப்பேட்டில் எழுதுவது அவர் வழக்கமாயிற்று. வழிமுறைகள் எல்லாம் அம்முழங்கையோடு மறைந்தன. வறுமை ஒருவர் வயிற்றை மட்டுமா வருத்துகின்றது? அவருடைய எழுத்தின் இயல்பையே மாற்றிவிடுகின்றது!

1910இல் அவர் திருக்கோவலூருக்குச் சென்று இராமசாமி ஐயரைக் கண்டார். துணைக் கலெக்டராக இருந்த அப்பெரியார் இந்தியக் கணிதக் கழகத்தை 1907இல் தோற்றுவித்தவர். இராமானுஜன் வேண்டியது அலுவலகத்தில் ஓர் எழுத்தர் வேலை. குறிப்பேட்டைப் புரட்டிய இராமசாமி ஐயர், இவரைத் தம் அலுவலகத்தில் அடைத்துவிடுதல் அடாது எனக் கருதிச் சென்னையிலுள்ள கணித அறிஞர்களிடம் அனுப்பினார். நெல்லூரில் கலெக்டராக இருந்த இராமச்சந்திர ராவ் திங்கள்தோறும் 25 ரூபாய் தம் சொந்தப் பணத்திலிருந்து உதவினார். இராமானுஜனின் முதற் கட்டுரை 1911இல் கணிதக் கழகத்தின் இதழில் வெளிவந்தது. பிறர் உதவியால் உண்பது இராமானுஜனுக்கு நெடுநாள் உவக்கவில்லை. 1912 மார்ச்சு முதல் நாளன்று சென்னைத் துறைமுகக் கழகத்தில் 30 ரூபாய்ச் சம்பளத்தில் எழுத்தரானார்.

பண்டைக் காலத்தில் புலமைக்கு வேந்தரும் வள்ளல்களும் புரவலராயினர். பின்னர் மடங்கள் அப்பணியை மேற்கொண்டன. இளமையில் அரியலூரில் வாழ்ந்து தமிழ் பயின்ற உ. வே. சாமிநாதையர், திருவாவடுதுறை ஆதீனத்தின் ஆதரவில் அன்றோ பெரும்புலவராயினார்? ஆங்கே உணவும் உறையுளும் உண்டு. ஏட்டுச் சுவடிகள் உண்டு. மீனாட்சிசுந்தரம் பிள்ளையைப் போன்ற ஆசிரியர் உண்டு. பாட்டில் பிழை இருப்பின் எடுத்துக்காட்டத்தக்க அவையும் உண்டு. இந்நான்கும் கூடிய இடத்திலேதான் புலமை வளரும். இராமச்சந்திர ராவின் ஈகை உணவை அளித்தது. துறைமுகக் கழகம் சம்பளத்தை அளித்தது; அதன் தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங்கும் கணித ஆர்வலரான மேலாளர் நாராயண ஐயரும் அன்பையும் அளித்தனர். ஆசிரியரும் அவையும் இன்னும் கிடைத்தில.

அவற்றைத் தேடி நண்பர்கள் கடிதங்கள் எழுதினர். பொறியியற் கல்லூரிப் பேராசிரியர் கிரிப்பித், இலண்டனில் இருந்த தம் ஆசிரியர் ஹில் என்பவருக்கு எழுதினார். அவர் இராமானுஜனின் திறமையை ஒப்புக்கொண்டார்; பயிற்சிக் குறைவால் நேர்ந்த வழுக்களையும் சுட்டினார்; கற்கவேண்டிய நூலையும் குறித்தனுப்பினார். 1913 சனவரி 16ஆம் நாள் இராமானுஜன் தாமே கேம்பிரிட்ஜுப் பல்கலைக்கழகத்தில் டிரினிட்டிக் கல்லூரி அறிஞர் ஹார்டிக்குத் தேற்றங்கள் பலவற்றை எழுதி அனுப்பினார். ஹார்டியும் அவருடைய நண்பர் லிட்டில்வுட்டும் அவற்றை ஆய்ந்தனர். சில முன்பே பிறர் கண்டவை, சில பிழையானவை, சிலவோ அவ்விருவரும் கனவிலும் காணாதவை. எழுதியவர் முதல்தரக் கணித அறிஞர் என்று அவர்கள் தெளிந்தனர்.

இதற்கிடையே சென்னையில் வேறொன்று நிகழ்ந்தது. வானிலைத் துறையின் தலைவராக இருந்த கில்பர்ட் வாக்கர் துறைமுகத்தைப் பார்வையிட வந்தார். அவரும் ஒரு காலத்தில் டிரினிட்டிக் கல்லூரியைச் சார்ந்த கணித அறிஞரே. ஸ்பிரிங் இராமானுஜனின் எழுத்துகளை அவருக்குக் காட்டினார். வாக்கர் 1913 பிப்பிரவரி 26ஆம் நாள் பல்கலைக்கழகத்திற்கு எழுதிய கடிதம் நினைக்கத்தக்கது. அத்துறையில் தமக்கு முற்றறிவு இல்லை என்பதை அவர் மறைக்கவில்லை. எனினும், சில ஆண்டுகளேனும் பிழைப்புக் கவலையின்றி இவ்விளைஞர் கணிதத்திலேயே காலம் கழிக்கப் பல்கலைக்கழகம் உதவுதல் தகும் என்று தெளிவாக உரைத்தார்.

மார்ச்சு 19ஆம் நாள் கணிதப் பாடக்குழு கூடியது. அனுமந்த ராவ் என்னும் பேராசிரியர் அதன் தலைவர். மாதம் 75 ரூபாய் வீதம் ஈராண்டுகளுக்கு உதவித்தொகை வழங்கலாம் என்று குழு பரிந்துரைத்தது. பரிந்துரை சிண்டிகேட் எனப்படும் ஆட்சிக்குழுவின்முன் வந்தது. ஆங்கே தடை ஒன்று நின்றது. ஆராய்ச்சி உதவித்தொகை முதுகலைப் பட்டம் பெற்றவர்க்கே உரியது என்பது விதி. இராமானுஜனோ முதுகலையும் அறியார், இளங்கலையும் அறியார்; இடைநிலைத் தேர்வில் இருமுறை தவறியவர். அத்தேர்வில் அவரைத் தவறியவர் என்று அறிவித்ததும் இதே பல்கலைக்கழகம். பல்கலைக்கழகத்தின் நோக்கங்களுள் ஆராய்ச்சியை வளர்த்தலும் ஒன்று என்று சட்டமே கூறுவதனை ஒருவர் எடுத்துக்காட்டினார் என்பர். ஏப்பிரல் 7ஆம் நாள் ஆட்சிக்குழு உதவித்தொகைக்கு இசைவளித்தது. விதிக்காக நோக்கத்தை விடுவதா, நோக்கத்திற்காக விதியைத் தளர்த்துவதா என்னும் வினாவிற்கு அன்று நேர்மையான விடை கிடைத்தது.

அக்குழுவில் அமர்ந்திருந்தவர்கள் இராமானுஜனின் தேற்றங்களைத் தாமே அறிந்து தேர்ந்தார்கள் என்று எண்ணுதல் கூடாது. அவர்களால் அது இயலாது. ஒரு பல்கலைக்கழகம் எல்லாவற்றையும் தானே அறிந்திருத்தல் அரிது. அறிந்தவர் யார் என்பதை அறிந்து, அவர் சொல்லை மதித்து, அதன்வழி நடத்தல் இயலும். சென்னைப் பல்கலைக்கழகம் செய்தது இதுவே. வாக்கரின் சொல்லையும் ஹார்டியின் மடலையும் அது மதித்தது.

1913 மே முதல் நாளிலிருந்து இராமானுஜன் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி மாணவரானார். கணிதத் துறைக்கு அவரே முதல்வர். துறைமுகச் சம்பளத்தினும் இரு மடங்கிற்கு மேற்பட்ட தொகை மாதந்தோறும் கிடைத்தது. அவர்மீது சுமத்தப்பட்ட கடமை ஒன்றே: மூன்று திங்களுக்கு ஒருமுறை தம் ஆராய்ச்சியைப் பற்றி அறிக்கை தருதல் வேண்டும். இக்கடமையைச் சிறிதென எண்ணற்க. முடிவை மட்டும் குறிப்பேட்டில் எழுதிப் பழகிய அவர், தாம் கண்ட வழியைப் பிறர் அறியுமாறு நிரல்பட எழுதவேண்டியவரானார். தொகையீடுகளின் மதிப்பைக் காணும் அரிய முறை ஒன்றை அவர் அவ்வறிக்கைகளில் விளக்கினார். ஆகஸ்டு, நவம்பர், அடுத்த ஆண்டு மார்ச்சு ஆகிய திங்கள்களில் மூன்று அறிக்கைகள் அளித்தார். திருவல்லிக்கேணியில் அனுமந்தராயன் கோயில் தெருவில் குடியிருந்த அவர் கன்னிமரா நூலகத்திற்குச் சென்று பயில்வார். பல்கலைக்கழக நூலகமும் அக்காலத்தில் அக்கட்டடத்திலேயே இயங்கியது.

ஆசிரியர் மட்டும் இன்னும் கடலுக்கு அப்பால் இருந்தார். 1914 தொடக்கத்தில் நெவில் என்னும் இளம் அறிஞர் பல்கலைக்கழகத்தில் சொற்பொழிவாற்றக் கேம்பிரிட்ஜிலிருந்து சென்னைக்கு வந்தார். ஹார்டியின் வேண்டுகோட்படி அவர் இராமானுஜனை அழைத்தார். கடல் கடத்தல் குலவொழுக்கத்திற்கு மாறு என்று முன்பு மறுத்தவர் இம்முறை இசைந்தார், தாயாரும் இசைந்தார். நெவில் பதிவாளர் டியூஸ்பரிக்கு எழுதினார். ஸ்பிரிங் ஆளுநர் பெண்ட்லண்டு பிரபுவின் செயலாளர்க்கு எழுதினார். பல்கலைக்கழகம் ஆண்டுக்கு 250 பவுன் உதவித்தொகையும், கப்பற் செலவும், உடை முதலியவற்றிற்குத் தனித்தொகையும் அளித்தது. அவ்வுதவித்தொகையில் 50 பவுன் கும்பகோணத்திலிருந்த குடும்பத்திற்குச் செல்லுமாறு வகுக்கப்பட்டது. டிரினிட்டிக் கல்லூரி 60 பவுன் சேர்த்துக் கொடுத்தது. தொலைநாட்டிற்குச் செல்லும் மாணவன் வீட்டில் அடுப்பு எரிகின்றதா என்பதனையும் எண்ணி ஏற்பாடு செய்த அம்முறை இன்றும் பாராட்டத்தக்கது.

1914 மார்ச்சு 17ஆம் நாள் இராமானுஜன் நெவாசா என்னும் கப்பலில் ஏறினார். கேம்பிரிட்ஜில் சேர்வதற்குரிய தகுதிச் சான்றுகளும் அவரிடம் இல்லை. அப்பல்கலைக்கழகமும் தன் விதியைத் தளர்த்தியே அவரை ஆராய்ச்சி மாணவராக ஏற்றது.

அங்கே ஹார்டிக்கு ஓர் அரிய பொறுப்பு வாய்த்தது. இராமானுஜன் பல துறைகளில் ஒப்பற்றவர். சில துறைகளில் பள்ளி மாணவரினும் குறைந்த பயிற்சியுடையவர். நிறுவல் என்பது யாது என்பதே அவருக்குத் தெளிவாக இல்லை. முறையாக எல்லாவற்றையும் தொடக்கத்திலிருந்து கற்பித்தால் அவருடைய இயல்பான ஊற்று வற்றிப்போகலாம். கற்பியாது விட்டால் பிழைகள் தொடரும். ஹார்டி இரண்டிற்கும் இடைப்பட்ட வழியைக் கொண்டார். இன்றியமையாதவற்றை மட்டும் கற்பித்தார். ஏனையவற்றை இருவரும் கூடி ஆராயும்போது தாமே படியுமாறு விட்டார். தாம் கற்பித்ததினும் இராமானுஜனிடமிருந்து கற்றதே மிகுதி என்று அப்பேரறிஞர் பிற்காலத்தில் எழுதினார். ஆராய்ச்சி மாணவரைப் பயிற்றும் கலைக்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு யான் அறியேன்.

அவ்விருவரும் கூடிக் கண்டவற்றுள் எண்களின் பிரிவினை பற்றிய ஆராய்ச்சி ஒன்று. 4 என்னும் எண்ணை எத்தனை வகையாகப் பிரிக்கலாம்? 4, 3+1, 2+2, 2+1+1, 1+1+1+1 என ஐந்து வகை. சிறிய எண்ணுக்கு இது சிறுவர் விளையாட்டு. 200 என்னும் எண்ணுக்கோ 3,972,999,029,388 வகைகள் உள்ளன. ஏறத்தாழ நான்கு இலட்சம் கோடி! மக்மேகன் என்னும் அறிஞர் பெரும்பாடுபட்டுப் படிப்படியாகக் கணக்கிட்டு அதனைக் கண்டார். ஹார்டியும் இராமானுஜனும் 1918இல் வெளியிட்ட வாய்பாடோ, எவ்வளவு பெரிய எண்ணாயினும் விடையை மிக நெருங்கிக் காணும் வழியைக் காட்டிற்று. இராமானுஜனின் உள்ளொளியும் ஹார்டியின் நிறுவல் முறையும் ஒன்றுபடாதிருந்தால் அவ்வாய்பாடு பிறந்திராது.

இராமானுஜனின் முன்னேற்றத்தைப் பற்றி ஹார்டி 1916இல் சென்னைக்கு அறிக்கை அனுப்பினார். அவ்வாண்டு மார்ச்சுத் திங்களில் கேம்பிரிட்ஜு ஆராய்ச்சிக்காக அவருக்கு இளங்கலைப் பட்டம் வழங்கிற்று. சென்னைப் பல்கலைக்கழகம் உதவித்தொகையின் காலத்தை நீட்டித்தது. முதல் உலகப்போரின் காலம் அது. மரக்கறி உணவு அரிதாயிற்று, குளிர் வருத்திற்று, 1917இல் நோய் பற்றிற்று. மருத்துவமனைகளில் மாறி மாறிக் கிடந்தவாறே அவர் ஆராய்ந்தார். 1729 என்னும் எண்ணைப் பற்றி அவர் ஹார்டியிடம் கூறியது யாவரும் அறிந்த கதையாதலின் ஈண்டு விரித்தல் வேண்டா. 1918இல் இராயல் கழகம் அவரை உறுப்பினராக ஏற்றது. அக்டோபரில் டிரினிட்டிக் கல்லூரியும் அவ்வாறே ஏற்றது. அக்கல்லூரிக்கு அவ்வகையில் அவரே முதல் இந்தியர்.

சென்னைப் பல்கலைக்கழகமும் வாளா இருக்கவில்லை. வேறு கடமை எதனையும் சுமத்தாது, ஐந்தாண்டுகளுக்கு ஆண்டுதோறும் 250 பவுன் அளிக்க முடிவு செய்தது. அதற்கு நன்றி கூறி 1919 சனவரியில் இராமானுஜன் பதிவாளர்க்கு ஒரு மடல் விடுத்தார். தொகை தம் தேவைக்கு மிகுதி என்று அவர் கருதினார். பெற்றோர்க்கு ஆண்டுக்கு 50 பவுன் கொடுத்து, தம் செலவு போக எஞ்சியதை ஏழைச் சிறுவர், தாய் தந்தையற்றோர் முதலியோரின் பள்ளிச் சம்பளத்திற்கும் நூல்களுக்கும் பயன்படுத்துமாறு அதில் வேண்டினார். கல்லூரி உதவித்தொகையை இழந்து கலங்கிய நாளை அவர் மறக்கவில்லை போலும்.

அதே ஆண்டு அவர் தாயகம் திரும்பினார். நோய் தணியவில்லை. படுக்கையில் இருந்தவாறே சிலேட்டும் தாளும் கேட்பார். சானகி அம்மையார் எடுத்துக் கொடுப்பார். 1920 சனவரியில் ஹார்டிக்கு எழுதிய இறுதிக் கடிதத்திலும் புதிய சார்புகள் சிலவற்றை அறிவித்திருந்தார். ஏப்பிரல் 26ஆம் நாள் சென்னைச் சேத்துப்பட்டில் உயிர் நீத்தார். அவருக்கு அப்பொழுது வயது 32.

அவர் விட்டுச்சென்ற தாள்கள் பல்கலைக்கழகத்திடம் சேர்ந்தன. 1923இல் அவற்றைப் பதிவாளர் ஹார்டிக்கு அனுப்பினார். அவற்றுள் ஒரு பகுதி நெடுங்காலம் எவரும் நோக்காது கிடந்து, 1976ஆம் ஆண்டில் டிரினிட்டிக் கல்லூரி நூலகத்தில் ஆண்ட்ரூஸ் என்னும் அமெரிக்க அறிஞரின் கண்ணிற் பட்டது. குறிப்பேடுகளிலிருந்த முடிவுகளுக்கு நிறுவல் காணும் பெரும்பணியை மற்றோர் அமெரிக்கரான பெர்ண்ட் மேற்கொண்டு, 1985 முதல் 1998 வரை ஐந்து தொகுதிகளாக வெளியிட்டார்.

சென்னையிலும் அவ்வழி தூர்ந்துபோகவில்லை. இராமானுஜன் கேம்பிரிட்ஜில் இருந்த காலத்தில் அங்கே பயின்ற ஆனந்த ராவ், மாநிலக் கல்லூரிப் பேராசிரியராகிப் பல மாணவர்களை ஆராய்ச்சியில் பயிற்றினார். அவர்களுள் ஒருவர் தென்காசிப் பக்கத்து வல்லத்தைச் சார்ந்த எஸ். எஸ். பிள்ளை. 1927இல் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி உதவித்தொகை பெற்றுப் பயின்ற அவர், 1929இல் சிதம்பரத்து அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் ஆசிரியராகி, வாரிங்கு என்பார் விடுத்த நெடுநாளைய எண்சிக்கலில் பெரும்பகுதிக்கு விடை கண்டார். 1950இல் அமெரிக்கா செல்லும் வழியில் கெய்ரோ நகருக்கு அருகில் வானூர்தி வீழ்ந்து அவர் மாண்டார். அவ்வாண்டளவில் வள்ளல் அழகப்பச் செட்டியார் இராமானுஜன் பெயரால் கணித ஆராய்ச்சி நிலையம் ஒன்றைச் சென்னையில் நிறுவியிருந்தார். அந்நிலையத்தைப் பின்னர்ச் சென்னைப் பல்கலைக்கழகமே ஏற்றுக்கொண்டது. ஆராய்ச்சி மாணவர்கள் இன்றும் அங்கே பயில்கின்றனர்.